ஒழுங்குப் பிரச்சினை

பட்டிமன்றம் பேசிப் பழகியவர்கள் எங்கள் விவாதப் போட்டிக்கு வந்தால் முதலில் தடுமாறுவது நாணயத்திடம்தான். எந்தப் பக்கம் பேசப்போகிறோம் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. பூவா தலையா போட்டு முடிவாகும். அதன் பிறகு கால் மணி நேரம் கொடுப்பார்கள். ஃபோன் கிடையாது, புத்தகம் கிடையாது. ஜோடியோடு ஒரு காலி வகுப்பறையில் உட்கார்ந்து, அதுவரை யோசித்தே பார்த்திராத ஒரு கருத்தை உயிரைக் கொடுத்து நம்பக் கற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு அது சுலபமாக வந்தது. அதைத் திறமை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

வேலூரில் படித்தேன். அப்பாவுக்கு சத்துவாச்சாரியில் மெடிக்கல் ஷாப். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி என்றால் மனப்பாடம் செய்து, கையை வீசிப் பேசி, கடைசியில் குரல் தழுதழுக்க முடிப்பதுதான். விவாதத்தில் இத்தனை வகை இருப்பது கல்லூரிக்கு வந்த பிறகே தெரிந்தது. மூன்று பேர் எதிர் மூன்று பேர் ஒரு வகை. ஒரே மேடையில் நான்கு அணிகள் பேசுவது இன்னொரு வகை. அதில் இரண்டு அணிகள் ஒரே பக்கம் இருக்கும். ஆனால் ஒன்றையொன்று மறுக்காமலே முந்தப் பார்க்கும். எனக்குப் பிடித்தது இரண்டு பேர் எதிர் இரண்டு பேர். சட்டசபை மாதிரி நடக்கும். அரசுத் தரப்பில் ஒரு தலைவர், ஓர் உறுப்பினர். எதிர்த்தரப்பிலும் அப்படியே. நான்கு பேரும் ஒரு முறை பேசிய பிறகு, தலைவர்கள் இருவரும் மறுபடி எழுந்து முடிவுரை சொல்வார்கள். கடைசி வார்த்தை அரசுத் தரப்புத் தலைவருக்கு.

அந்த முடிவுரைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அதில் புதிதாக எந்த வாதமும் வரக் கூடாது. அதற்குப் பிறகு எதிரணிக்குப் பேச வாய்ப்பே இல்லை அல்லவா, அதனால். மீறி யாராவது கொண்டுவந்தால், எதிரணியில் ஒருவர் பேச்சின் நடுவிலேயே எழுந்து நிற்கலாம். ஆங்கிலப் பிரிவில் ‘பாயிண்ட் ஆஃப் ஆர்டர்’ என்பார்கள். தமிழ்ப் பிரிவில் ‘ஒழுங்குப் பிரச்சினை’. அதைச் சொன்னதும் கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள். பேசுகிறவரும் நிறுத்தியாக வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. எதிர்த்தரப்பு உறுப்பினர் தன் பேச்சில் முதல் தடவையாக ஒன்றைச் சொல்லியிருந்தால், அதற்குப் பதிலாக அரசுத் தரப்புத் தலைவர் புதிதாகவே பேசலாம். அது புது வாதம் ஆகாது, மறுப்பு. புதிதாக வருகிறவர்களுக்கு இது தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். எங்கள் கல்லூரியில் ஜூனியர்களுக்கு விதிகளைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

இரண்டாம் ஆண்டில் எங்கள் கல்லூரியிலேயே போட்டி நடந்தது. தமிழ்ப் பிரிவின் இறுதிச் சுற்றுக்கு நாங்களும், ஆம்பூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு கல்லூரி அணியும் தேறியிருந்தோம். அவர்கள் இந்த வகைப் போட்டிக்கு வருவது அதுதான் முதல் தடவை. அவர்களுடைய தலைவி குள்ளமான பெண். தலையை இறுக்கிப் பின்னியிருந்தாள். கை வீச்சு இல்லை, குரல் ஏற்றம் இல்லை. காய்கறிக்காரர் எடைக்கல்லை வைப்பதுபோல ஒவ்வொரு விஷயமாக எடுத்து வைத்துவிட்டு நகர்வாள். காலையிலிருந்து பெரிய கல்லூரி அணிகளை எல்லாம் அப்படித்தான் சாய்த்திருந்தாள்.

தலைப்பு வந்தது: தொழிற்சாலைக்குள் தொழிலாளர்கள் கைப்பேசி வைத்துக்கொள்ளும் உரிமையை இந்த அவை ஆதரிக்கும். நாணயம் எங்களுக்கு எதிர்த்தரப்பைக் கொடுத்தது.

எங்கள் பக்கத்து ஷூ கம்பெனிகளில் காலையில் வாசல் கேட்டிலேயே ஃபோனை வாங்கி வைத்துவிடுவார்கள். வேலை முடிந்து வெளியே போகும்போது திரும்பக் கிடைக்கும். என் அத்தை பையன் அப்படி ஒரு கம்பெனியில் ஹெச்ஆரில் இருந்தான். வீட்டுக்கு வரும்போதெல்லாம் கம்பெனிக் கதைதான் பேசுவான். தயாரிப்பு நேரத்தில் அவன் சொன்னதை எல்லாம் ஞாபகப்படுத்தி எழுதிக்கொண்டேன்.

நான் எங்கள் அணியின் உறுப்பினர். தையல் மெஷினில் கவனம் சிதறினால் விரல் போகும் என்றேன். புது டிசைன் படம் பிடிக்கப்பட்டு வெளியே போனால் ஆர்டர் போகும் என்றேன். பிறகு, அதுவரை அந்த மேடையில் யாரும் தொடாத ஒன்றைத் தொட்டேன். “அவசரம் என்றால் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஆபீஸ் நம்பர் எதற்கு இருக்கிறது? ஒரு ஃபோன் போட்டால் இரண்டே நிமிடத்தில் அவர் தைக்கிற லைனுக்குச் செய்தி போய்விடும். இவர்கள் கேட்பது அவசரத்துக்காக அல்ல, அரட்டைக்காக!”

அரங்கம் சிரித்தது. மேஜைகளைத் தட்டினார்கள். அந்த வரி தயாரிப்பில் இல்லை. பேசும்போது தானாக வந்தது. அதில் எனக்குப் பெருமைகூட.

எங்கள் தலைவனின் முடிவுரை ஆனது. அடுத்து அவள் எழுந்தாள். கையில் குறிப்புத்தாள் இல்லை.

“எதிரணி உறுப்பினர் ஆபீஸ் நம்பர் போதும்னு சொன்னாங்க. அந்த மாதிரி ஒரு ஆபீஸ் நம்பருக்கு, போன வருஷம், எங்க வீட்லேர்ந்து நான் ஃபோன் போட்டேன். எங்கம்மா உள்ள லைன்ல இருந்தாங்க. எங்கப்பா தரையில…”

நான் எழுந்து நின்றேன்.

“ஒழுங்குப் பிரச்சினை.”

கடிகாரத்தை நிறுத்தினார்கள். மூன்று நடுவர்களில் நடுவில் இருந்தவர் என்னைப் பார்த்து, “சொல்லுங்க” என்றார்.

“இந்த எடுத்துக்காட்டு முதல் உரையில் வரவில்லை. முடிவுரையில் புதிய சான்றுக்கு அனுமதி இல்லை.”

அவர் அவளிடம் திரும்பினார். “உங்க பதில் என்னம்மா?”

அவள் வாய் பாதி திறந்தபடியே இருந்தது. என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவரைத் தட்டி எழுப்பினால் ஒரு நொடி இடம் புரியாமல் பார்ப்பார்களே, அப்படி. “தெரியல சார்” என்றாள்.

“ஏற்கப்படுகிறது. அதை விட்டுட்டுத் தொடருங்க.”

‘இது அவர்கள் சொன்னதற்கான பதில்’ என்று அவள் சொல்லியிருந்தால் போதும், நான் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவளுக்கு அது தெரியவில்லை. நடுவருக்கும் தோன்றவில்லை. தெரிந்த ஒரே ஆள் நான், நின்றுகொண்டிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் மைக்கையே பார்த்தாள். பிறகு முதல் உரையில் சொன்னவற்றைத் தலைப்புத் தலைப்பாகத் திரும்பச் சொல்லிவிட்டு, நேரம் மிச்சம் இருக்கும்போதே உட்கார்ந்துவிட்டாள்.

அனிச்சையாக எழுந்தேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். ‘எங்கப்பா’ என்ற வார்த்தை என் காதில் தெளிவாக விழுந்தது. ஓரத்தில் இருந்த நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்ததைப் பார்த்தேன். அவள் அந்த வாக்கியத்தை முடித்தால் நாங்கள் தோற்போம். அதற்காகத்தான் எழுந்தேன்.

ஜெயித்தோம். சிறந்த பேச்சாளர் மெடலும் எனக்கே. பரிசு வாங்கி இறங்கும்போது அவள் வந்து கை கொடுத்தாள். “நல்லா பேசுனீங்க” என்றாள். “நீங்களும்” என்றேன். என் ஜோடி முதுகில் தட்டி, “செம டைமிங்” என்றான். திங்கட்கிழமை வகுப்பில் துறைத்தலைவரும் அதையே எடுத்துச் சொல்லிப் பாராட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து நின்று தலையாட்டினேன்.

அந்த வாரக் கடைசியில் அத்தை பையன் வீட்டுக்கு வந்தான். அவனிடம் கேட்டேன். “ஆபீஸ் நம்பருக்கு ஃபோன் வந்தா, நெஜமாவே ரெண்டு நிமிஷத்துல லைன்ல போயி சொல்லிடுவீங்களா?”

“அது ஆளப் பொறுத்து. யாருன்னு கண்டுபுடிக்கணும், எந்த லைன்னு பாக்கணும். ஷிப்மென்ட் டைட்டா இருந்தா லஞ்ச்ல சொல்லிக்கலாம்னு வுட்ருவாங்க. சில பேரு மறந்தும் போய்டுவாங்க.” சொல்லிவிட்டு வடையைப் பிட்டான். “நீ இன்னாத்துக்கு இப்பப் போயி கேக்கற? அதான் ஜெயிச்சிட்டியே.”

அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை நானே பல விதமாக முடித்துப் பார்க்க ஆரம்பித்தேன். ‘எங்கப்பா தரையில விழுந்து கிடந்தார்.’ ‘எங்கப்பா தரையில துடிச்சிக்கினு இருந்தார்.’ பிழைத்துக்கொண்டார் என்றும் முடித்துப் பார்த்தேன். மாலையில் ஹைவேயைக் கடக்க நிற்கும்போது கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் பெண்களைப் பார்ப்பேன். இதில் எந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு ஃபோன் வந்தது என்று யோசிப்பேன். ஜூனியர்களுக்கு முடிவுரை விதியைச் சொல்லும்போது அந்த விலக்கு வரும் இடத்தில் மட்டும் வேகமாகக் கடந்துவிடுவேன். ஒரு பையன் சந்தேகம் கேட்டதற்கு, “அதெல்லாம் அபூர்வமா வர்றது, விடு” என்றுகூடச் சொன்னேன்.

மூன்றாம் ஆண்டில் சென்னையில் ஒரு பெரிய போட்டி. நான்கு அணிகள் மோதும் வகை. எங்கள் வட்டாரக் கல்லூரிகளிலிருந்து ஆட்களைப் பொறுக்கி, கலந்து ஜோடி சேர்த்தார்கள். ஒரு நாள் தெரியாத நம்பரிலிருந்து ஃபோன் வந்தது.

“நான் ஆம்பூர்லேர்ந்து பேசறேன். போன வருஷம் ஃபைனல்ல பேசனோமே. நம்ம ரெண்டு பேரையும் ஜோடியா போட்டுருக்காங்களாம். உங்களுக்கு ஓகேவா?”

“ஓகே” என்றேன்.

சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து வேலூருக்கு வருவாள். எங்கள் நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து பழகுவோம். அந்த ஒரு வருடத்தில் எல்லா வகைகளின் விதிகளையும் படித்து முடித்திருந்தாள். கேள்வி கேட்க எழுந்தவரை எப்போது உட்காரச் சொல்லலாம், நம் பக்கத்து அணியை மறுக்காமல் எப்படி ஒரு படி மேலே போவது, எல்லாம் அவளுக்கு விரல் நுனியில். வந்த கொஞ்ச நாளிலேயே ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டது. நன்றாகச் சிரிப்பாள். மேடையில் பேசும் பெண்தானா இது என்று தோன்றும்.

ஒரு சனிக்கிழமை புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னாள். “முடிவுரைல, எதிரணி உறுப்பினர் புதுசா சொன்னதுக்குப் பதில் சொல்லலாமாம். இதுல போட்டுருக்கு. அன்னிக்கு எனக்குத் தெரியாது.”

நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். “ஆமா, இருக்கு” என்றேன்.

“நடுவருக்கும் தெரியல பாரேன்.”

“ஆமா.”

அவள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். அந்தப் பின்னறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. சொல்லியிருக்கலாம்.

இன்னொன்றும் கவனித்தேன். அவள் தன் வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுகூடத் தொடமாட்டாள். வேலை நேரம், கூலி, பெண்களின் போக்குவரத்து என்று எத்தனையோ தலைப்புகளில் பழகினோம். அந்த அறையில் அவளைவிட அதைப் பற்றித் தெரிந்த ஆள் யார்? “உங்க ஊர்ல நடக்கறத சொல்லேன்” என்றால் தலையை ஆட்டிவிடுவாள். “வீட்டு விஷயம் மேடைல வேணாம். சட்டம் இருக்கு, ரிப்போர்ட் இருக்கு, அது போதும்.” கேட்கிறவர்கள் அவளை ‘ரொம்ப டெக்னிக்கல்’ என்று புகழ்ந்தார்கள். எனக்கு அந்தப் புகழ்ச்சி காதில் விழும்போதெல்லாம் எங்கேயாவது எழுந்து போய்விட வேண்டும்போல இருக்கும்.

சென்னைக்கு ரயிலில் போனோம். அரக்கோணம் தாண்டியதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. “அன்னிக்கு ஃபைனல்ல, நீ பேசறப்ப…” என்று ஆரம்பித்தேன்.

“அத்த எடுக்காத” என்றாள். வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள். “போற நேரத்துல பேஜார் பண்ணாத. சாப்புடு.”

சாப்பிட்டேன்.

அரையிறுதி வரை போனோம். அங்கே தலைப்பு, முதியவர்களைப் பராமரிக்கும் பொறுப்பு குடும்பத்துடையதா, அரசுடையதா என்பதைப் பற்றியது. எதிர்ப் பக்கத்து அணியில் ஒரு பையன் தன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொன்னான். சொல்லும்போது அழுதான். நடுவர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த வகைப் போட்டியில் ஒழுங்குப் பிரச்சினை என்பதே கிடையாது. எழுந்து கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். அதையும் பேசுகிறவர் ஏற்றால்தான். யாரும் எழவில்லை. அவன் முழுதாகச் சொல்லி முடித்தான். என் பக்கத்தில் இருந்தவள் மற்றவர்களோடு சேர்ந்து மேஜையைத் தட்டினாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அணி முதலாவதாக வந்து இறுதிச் சுற்றுக்குப் போனது. இரண்டு அணிகள்தான் மேலே போகும். நாங்கள் மூன்றாவது, வெளியேறினோம். “சூப்பரா பேசுனான்ல?” என்றாள். வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தாள்.

திரும்பி வந்து சில வாரம் கழித்து, “அம்மா உன்னப் பாக்கணும்னாங்க, ஒரு சனிக்கிழம வா” என்று கூப்பிட்டாள். ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போனேன். ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டுப் போகிற ரோட்டில் அவர்கள் ஊர். சாயங்காலம் அம்மா வரும் நேரம் என்று ஸ்டாப்பிங் வரை இரண்டு பேரும் போனோம்.

கம்பெனி பஸ் வந்து நின்றது. பெண்கள் டிபன் பைகளோடு இறங்கினார்கள். அவளுடைய அம்மா கடைசியாக இறங்கினார். உள்ளே இருந்த யாரோ சொன்னதற்குத் திரும்பிப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே படியிறங்கினார். நல்ல சிரிப்பு. பார்க்கிறவருக்கும் சிரிப்பு வரும். நானும் சிரித்தேன். பக்கத்தில் பார்த்தால் அவள் சிரிக்கவில்லை. ரோட்டின் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கிட்டே வந்த பிறகுதான் திரும்பினாள்.

வீட்டுச் சுவரில் அவளுடைய அப்பாவின் படம் மாட்டியிருந்தது. பிளாஸ்டிக் மாலை, மேலே ஒரு சின்ன சிவப்பு பல்பு. அவர் இறந்துவிட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறுதியாகத் தெரிந்தது. எத்தனையோ சனிக்கிழமைகள் கூட இருந்தும் நான் அதைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அம்மா வந்த களைப்போடு உடனே அடுப்பைப் பற்றவைத்தார். தோசையும் கறிக் குழம்பும். எனக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, தட்டு காலியாக விடாமல் போட்டுக்கொண்டே இருந்தார்.

“மொத தபா நீங்க ரெண்டு பேரும் எதிரெதிர் பார்ட்டியாமே? இன்னா தலப்பு கண்ணு அது?”

நான் அவளைப் பார்த்தேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பி தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“கம்பெனிக்குள்ள ஃபோன் வெச்சிக்கலாமா வேணாமான்னு, ஆன்ட்டி.”

“நீ எந்தப் பக்கம்?”

“வேணாம்ன்ற பக்கம்.”

“சரியாத்தான் பேசிருக்க. உள்ள ஃபோன் வுட்டா வேலயா நடக்கும்? பக்கத்து லைன்ல ஒரு பொண்ணு திருட்டுத்தனமா எத்துக்கினு வந்து, மடில வெச்சிப் பாத்துக்கினே தெச்சிச்சி. ஊசி வெரல்ல எறங்கிடிச்சி.” பிறகு மகளைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “நீ வேணும்னு பேசுனியா? அதான் தோத்துட்ட.” மறுபடி அதே சிரிப்பு.

“ஆமாம்மா” என்றாள் அவள், திரும்பாமலே.

அந்த அம்மாவுக்கு அன்று மேடையில் மகள் என்ன பேச ஆரம்பித்தாள், யார் அதை நிறுத்தினார்கள் என்று எதுவும் தெரியாது. நன்றாகப் பேசியிருக்கிறேன் என்று எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

பஸ் ஏற்றிவிட அவளும் கூட வந்தாள். இருட்டத் தொடங்கியிருந்தது. கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு அவளே ஆரம்பித்தாள்.

“அன்னிக்கு நான் இன்னா சொல்ல வந்தேன்னு நெனச்ச?”

“அப்பா எறந்தத.”

“அது இல்ல.”

நின்றாள். ஸ்டாப்பிங் வந்துவிட்டது. அங்கிருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

“அப்பா வுழுந்தப்ப வீட்ல நான் மட்டும்தான். ஆபீஸ் நம்பருக்குப் போட்டேன். எடுத்தவரு பேரு, ஊரு எல்லாம் கேட்டுக்கினு, சொல்லிட்றேன்னு வெச்சிட்டாரு. அப்புறம் போட்டா லைன் கெடைக்கல. பக்கத்து வூட்டு பாய் ஆட்டோவுல ஏத்தினு ஆம்பூருக்குப் போனாரு. போறதுக்கு முன்னாடியே முடிஞ்சிட்ச்சின்னாங்க. திருப்பி எடுத்தாந்துட்டோம். அம்மா வருவாங்க, வருவாங்கன்னு பாத்துக்கினே இருந்தோம். வரல. சாயங்காலம் நான் இங்க வந்து நின்னேன். இதே எடம்.”

நான் சாயங்காலம் பஸ் வந்து நின்ற இடத்தைப் பார்த்தேன்.

“பஸ்லேர்ந்து சிரிச்சிக்கினே எறங்குனாங்க. இன்னிக்குப் பாத்தல்ல, அப்டியே. யாரும் சொல்லவே இல்ல அவங்ககிட்ட. ‘இன்னாடி நீ வந்து நிக்கற’ன்னாங்க. சும்மா வந்தேன்னு சொன்னேன். தெரு மொன வரைக்கும் கூடவே நடந்தேன். கம்பெனில யாரோ வழுக்கி வுழுந்த கதைய சொல்லிக்கினே வர்றாங்க. நானும் உம், உம்முன்னு கேட்டுக்கினே வர்றேன். தெருவுல கூட்டத்தப் பாத்துட்டுத்தான் அவங்களுக்கே தெரிஞ்சிது.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஆபீஸ்காரன் சொல்லல, சரி. பக்கத்துலயே வந்த நான் சொன்னனா? கொஞ்ச நேரம் சிரிக்கட்டும்னு நெனச்சனா, பயந்துட்டனா, இன்னி வரைக்கும் தெரியல. இத்த அம்மாகிட்ட நான் சொன்னதே இல்ல. அத்தனை பேரு முன்னாடி மைக்ல சொல்லப் போய்ட்டேன் அன்னிக்கு. நீ எந்திரிச்ச. நல்லவேள. உனக்கு தேங்க்ஸ் சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கினு இருந்தேன்.”

அந்த நன்றியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். அவளுக்கும் அது நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து நின்றேன்.

“நான் உனக்கோசரம் எந்திரிக்கல” என்றேன்.

“தெரியும். ஜெயிக்கறதுக்கு எந்திரிச்ச. போட்டின்னா அப்டித்தான்.”

“அது மட்டும் இல்ல. ஆபீஸ் நம்பர மொதல்ல எடுத்தது நான். அதுக்குப் பதிலா நீ எத வேணும்னாலும் சொல்லலாம். அந்த விலக்கு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் எந்திரிச்சேன். நடுவர் உங்கிட்ட கேட்டப்பவும் தெரிஞ்சேதான் நின்னேன்.”

ரோட்டில் ஒரு லாரி போனது. பதனிடாத பச்சைத் தோல் ஏற்றிய வண்டி, அந்த வாடை கொஞ்ச நேரம் நின்றது.

“அப்பவேவா?”

“அப்பவே.”

“லைப்ரரில நான் படிச்சிக் காட்டனப்ப, ஆமா இருக்குன்ன.”

“ஆமா.”

பஸ்ஸின் வெளிச்சம் தூரத்தில் தெரிந்தது. அவள் எழுந்து நின்று பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“இத்த நீ சொல்லாமலே இருந்துருக்கலாம்” என்றாள். “நான் வேற மாதிரி நெனச்சி வெச்சிருந்தேன். அது எனக்கு நல்லாருந்துச்சி.”

கையை நீட்டிப் பஸ்ஸை நிறுத்தினாள். நான் ஏறியதும், “போய்ட்டு மெசேஜ் போடு” என்றாள். யாரிடமும் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். ஜன்னலோரம் இடம் பிடித்துத் திரும்பிப் பார்ப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

வேலூர் வரை அதையேதான் யோசித்தேன். அவள் வாக்கியத்தை ஒரு முறை பாதியில் வெட்டினேன். அவளாக அதற்கு ஒரு நல்ல அர்த்தம் கண்டுபிடித்து அதில் ஆறுதலாக இருந்தாள். இரண்டாவது முறை எழுந்து நின்று அதையும் பிடுங்கிவிட்டேன். உண்மையைச் சொன்னேன் என்பது சரி. யாருக்காகச் சொன்னேன்? அந்த பெஞ்சில் மூச்சு முட்டியது எனக்கு, அவளுக்கு இல்லை.

அவள் இப்போது சட்டம் படிக்கிறாள். ‘நீ’ மறுபடி ‘நீங்க’ ஆகவில்லை. பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புவாள், தேர்வு பற்றிப் பேசுவாள், நான் ஏதாவது போட்டிக்கு நடுவராகப் போனால் என்ன தலைப்பு என்று கேட்பாள். வீட்டுக்கு வா என்று மட்டும் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. அந்த ஸ்டாப்பிங்கில் பேசியதைப் பற்றி நானும் திரும்ப எடுக்கவில்லை.

கூப்பிடுவது அவளுடைய அம்மாதான். ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் ஃபோன் வரும். எடுத்ததும், “இன்னா கண்ணு, ஆளையே காணோம்? எப்ப வர்ற?” என்பார். கம்பெனியில் புதிதாக வந்த சூப்பர்வைசரைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிப்பார். ஸ்டாப்பிங்கில் பேசியதை மகள் அவரிடம் சொல்லிவிட்டாளா, இல்லையா என்று அந்தக் குரலில் ஏதாவது பிடிபடுகிறதா எனக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒன்றும் பிடிபடாது. “வர்றேன் ஆன்ட்டி, கண்டிப்பா வர்றேன்” என்கிறேன். இன்னும் போகவில்லை.